விருந்தாளி வந்தால் மாட்டுங்காதானா?

ஊரிலிருந்து சித்தப்பாவோ மைத்துனரோ வந்து இறங்கிவிட்டால், நம் தாணே நகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் குளித்துவிட்டு ஸ்லோ லோக்கலைப் பிடித்து மாட்டுங்காவில் இறங்க வேண்டியது. ராம் ஆச்ரயா வாசலிலோ கஃபே மெட்ராஸ் வாசலிலோ பெயர் கொடுத்துவிட்டு நடைபாதையில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியது. ரசவடை, அன்னாசி போட்ட கேசரி (அங்கே அதற்கு ஷீரா என்று பெயர்), ஃபில்டர் காபி. பிறகு மார்க்கெட்டில் வாழையிலை, முருங்கைக்காய், இரண்டு முழம் மல்லிகை. "பம்பாயிலேயும் நம்ம சாப்பாடு கிடைக்கிறதே!" என்று சித்தப்பா வியப்பார். நமக்கும் பெருமை பிடிபடாது. அடுத்த கோடை விடுமுறையில் அடுத்த விருந்தாளி வந்தாலும் அதே லோக்கல், அதே வரிசை.

ரசவடையைக் குறை சொல்ல நான் வரவில்லை. எனக்கும் பிடிக்கும். முதலில் செம்பூர், 1994 முதல் தாணே என்று என் வாழ்க்கையின் பெரும் பகுதி இந்தப் பக்கத்தில்தான் கழிந்திருக்கிறது. கடை கடையாக ஏறி இறங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம். (என் மனைவி அந்தப் பழக்கத்துக்கு வைத்திருக்கும் பெயரை அச்சில் ஏற்ற முடியாது.) அந்த உரிமையில் அன்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். முப்பது வருடம் ஓர் ஊரில் இருந்துவிட்டு, வந்தவருக்குக் காட்ட அந்த ஊரில் ஒரு கடைகூட நமக்குத் தெரியாது என்றால், நாம் இந்த ஊர்க்காரர்களா, அல்லது நீண்ட நாள் தங்கிவிட்ட விருந்தாளிகளா?

முதலில் இந்த "நம்ம சாப்பாடு" என்ன என்று பார்ப்போம். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் குமாஸ்தா வேலைக்கும் சுருக்கெழுத்து வேலைக்கும் வந்த பிரம்மச்சாரிகளால் மாட்டுங்கா நிறைந்தது. அவர்களுக்குச் சோறு போட மெஸ்கள் தோன்றின. 1937-இல் தொடங்கிய மணிஸ் லஞ்ச் ஹோம் பாலக்காட்டுத் தமிழருடையது. ஆனால் அதைத் தவிர்த்துப் பார்த்தால் பெரிய பெயர்கள் எல்லாம் யாருடையவை? மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி 1942 முதல் வாழையிலையில் சாப்பாடு போடும் ராமா நாயக்கின் ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் உடுப்பிக்காரருடையது. 1940-இல் வந்த கஃபே மெட்ராஸில் பெயரில்தான் மெட்ராஸ். நடத்துவது காமத் குடும்பம். தென்கன்னடக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பிழைக்க வந்த தமிழனுக்குச் சோறு போட்டார்கள். சாம்பாரில் வெல்லம் தட்டுகிறதே என்று மூக்கைச் சுளிக்கிறோமே, அது பம்பாய்க்காரன் செய்த கலப்படம் அல்ல, உடுப்பிக் கைப்பக்குவம். நாம் ஆசையாகத் தேடிப் போவது பக்கத்து வீட்டுக்காரரின் சமையல். அதை நம்முடையது என்று ஏற்றுக்கொள்ள நமக்கு ஒரு தலைமுறைகூட ஆகவில்லை.

அப்படியானால் தாணேயின் சமையலை ஏற்றுக்கொள்ள ஏன் இத்தனை தயக்கம்?

1853 ஏப்ரல் 16-ஆம் தேதி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரி பந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடி வந்து சேர்ந்த ஊர் இது. அந்த ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் மாம்லேதார் கச்சேரி, அதாவது நம்மூர்க் கணக்கில் தாசில்தார் ஆபீஸ். அதை ஒட்டி 1946 முதல் ஒரு மிசல் கடை இருக்கிறது. மாம்லேதார் மிசல் என்றால் மராத்தி பேசும் எவருக்கும் தெரியும். பயறும், சிவக்கச் சிவக்க எண்ணெய் மிதக்கும் காரக் குழம்பும், மேலே கை நிறைய ஃபர்சாணும், தொட்டுக்கொள்ளப் பாவும். காரத்தைப் பொறுத்து மீடியம், திக்கட் என்று கேட்டு வாங்க வேண்டும். திக்கட் என்பது விளையாட்டல்ல. குண்டூர் மிளகாய்க்கு அஞ்சாத என் சம்பந்தி ஒருவர் இரண்டாவது வாயிலேயே மோர் கேட்டார்.

அந்தக் கடையை நடத்திவருவது முருடேஸ்வர் குடும்பம். அந்தப் பெயர் கர்நாடகக் கடற்கரையில், உடுப்பிக்கு வடக்கே உள்ள ஒரு கோயில் ஊரின் பெயர். தாணேக்காரர் மார் தட்டிச் சொல்லும் மிசலுக்குப் பின்னாலும் அதே கடற்கரைதான்! தொட்டுக்கொள்ளும் பாவ் மட்டும் என்ன? இந்த ஊரை ஆண்டு போன போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றது. ஸ்டேஷன் அருகே குஞ்ச்விஹாரின் பெரிய வடாபாவில் உள்ள உருளைக்கிழங்கும் அவர்களோடு கப்பலில் வந்ததுதான். இந்த ஊர்ச் சாப்பாடு என்று நாம் ஒதுக்கி வைக்கும் தட்டில் உள்ளதெல்லாம் நம்மைப் போல் எங்கிருந்தோ வந்து இறங்கியவையே. அவை தங்கிவிட்டன; ஊர்ப்பெயரும் பெற்றுவிட்டன.

தயக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 1966-இல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் கோபம் தென்னிந்தியர் மேல்தான் விழுந்தது. லுங்கி என்று கேலி பேசினார்கள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. மறு ஆண்டே தாணே நகராட்சித் தேர்தலில்தான் அந்தக் கட்சி தன் முதல் வெற்றியைப் பெற்றது. அந்த நாட்களில் நம் பெரியவர்கள் தெரிந்த கடையைத் தாண்டிப் போகாததில் நியாயம் இருந்தது. மொழித் தகராறு இன்றும் அவ்வப்போது தலை காட்டுகிறது. ஆனால் அதே நாற்பது ஐம்பது வருடங்களில் மராத்தி வீடுகளில் தோசைக்கல் ஏறிவிட்டது. ஷெஸ்வான் தோசை, ஜினி தோசை என்று அவர்கள் தோசையைப் படுத்தும் பாட்டைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொள்வது உண்டு என்றாலும், அவர்கள் நம் பக்கம் வந்துவிட்டார்கள் என்பது உண்மை. நாம்தான் போகவில்லை. மிசல் கடையில் "ஆணகீ ஏக் பாவ் த்யா" என்று இன்னொரு பாவ் கேட்டு வாங்கத் தெரிந்தவனை இந்த ஊரில் யாரும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை. எனக்கு அனுபவம்.

சங்க இதழில் பார்களைப் பற்றி எழுதலாமா என்று ஆசிரியர் யோசிக்கக்கூடும். ஒரு பத்தி மட்டும். 1949-ஆம் வருடத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதிச் சீட்டு உள்ளவர்தான் குடிக்கலாம். பலகைகளில் இன்றும் காணும் "பர்மிட் ரூம்" என்ற சொல் அந்தக் காலத்து மிச்சம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனையை அரசே ஏற்று நடத்துகிறது. அந்தக் கடைகள் இருக்கும் பக்கம் குடும்பப் பெண்கள் தலை வைத்துப் படுப்பதில்லை. இங்கே ஷெட்டிகளின் ஓட்டல்களில் கீழே பர்மிட் ரூம், மாடியில் குடும்பங்கள் பிறந்தநாள் கொண்டாடுகின்றன. ஊரிலிருந்து வந்த நம் பெண்களுக்கு முதலில் இது அதிர்ச்சியாக இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதில் ஒன்றுமே தெரிவதில்லை. நான் குடிப்பவன் அல்லன். அங்கே மீன் வறுவல் நன்றாக இருக்கும், அதற்காகப் போவேன். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து அன்பர்கள் கோட்பந்தர் சாலையில் ஆக்ரி - கோளி சாப்பாட்டுக் கடை ஒன்றில் அரிசி மாவு பாக்ரியும் இறால் குழம்பும் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கட்டும். அது அந்நியச் சமையலா என்று பிறகு பேசுவோம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மாட்டுங்காவுக்கு முந்தின ஸ்டேஷன் சயான். அங்கே மேற்குப் பக்கம் இறங்கினால் தாராவி. நம் சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போகும் ஸ்லோ லோக்கல் அங்கே நிற்கத்தான் செய்கிறது. நாம் இறங்குவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இடம் அது. வெல்லம் போடாத சாம்பார் அங்கே இருக்கிறது. 90 அடி சாலைப் பக்கம் காலையில் ஆப்பம், இடியாப்பம். ராத்திரி பரோட்டா, சால்னா. "நம்ம சாப்பாடு" என்ற சொல்லுக்கு இந்த நகரத்தில் முழுத் தகுதி உள்ள இடம் அதுதான். விருந்தாளிக்கு நாம் காட்டாமல் விடும் இடமும் அதுதான்.

செம்பூரில் இருந்தபோது எங்கள் கட்டட வாசலில் காலை ஏழு மணிக்கு ரப்பர் ஹாரன் சத்தம் கேட்கும். சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லி, மெதுவடை, தூக்கில் சட்னி, சாம்பார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். என் மனைவியை "அக்கா" என்பார், என்னை "அண்ணாச்சி" என்பார். "ராத்திரி ரெண்டரைக்கே அடுப்பு பத்த வச்சாத்தான் அண்ணாச்சி ஆறு மணிக்கு வண்டி எடுக்க முடியும்" என்று ஒருமுறை சொன்னார். பகலில் ஊறப்போட்டு, சாயங்காலம் கிரைண்டரில் அரைத்து, புளிக்க வைத்து, வீட்டுப் பெண்கள் விடியும் முன் ஈடு ஈடாக எடுத்து வைக்க, ஆண்கள் சைக்கிளில் கிளம்புவார்கள். ஆபீஸ் போகும் மராத்திப் பையனுக்கும் குஜராத்திக் கடைக்காரருக்கும் இட்லி என்றால் இந்தச் சைக்கிள் இட்லிதான். மாட்டுங்கா ஓட்டல்கள் இட்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. அதை நகரத்தின் தெருத்தெருவாகக் கொண்டு சேர்த்தது தாராவி.

இப்போது அந்த அடுப்புகளுக்கு ஆபத்து. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2023 ஜூலையில் மாநில அரசு முறைப்படி ஒப்படைத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மற்றவர்களுக்கு வெளியே, அதற்குத் தேவனார் குப்பைமேட்டையும் முலுண்ட், காஞ்சூர்மார்க் உப்பள நிலங்களையும் சொல்கிறார்கள். கழிவறைக்கு வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு சொந்தக் குழாயும் கழிவறையும் உள்ள வீடு கிடைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் இட்லிக்காரர் வீடு வீடு மட்டும் அல்லவே! கிரைண்டரும் அடுப்பும் சைக்கிளும் அந்த ஒரே அறையிலும் அதன் வாசலிலும்தான். கணக்கெடுக்க வருபவர் அதை வீடு என்று எழுதுவாரா, தொழிற்கூடம் என்று எழுதுவாரா? இருபதாவது மாடியில் ராத்திரி இரண்டரை மணிக்குக் கிரைண்டர் ஓடினால் பக்கத்து ஃபிளாட்டார் சும்மா இருப்பார்களா? முலுண்டுக்கு அனுப்பினால் நமக்குப் பக்கத்து ஸ்டேஷன்தானே என்று நாம் மகிழலாம். அவருடைய வாடிக்கைத் தெருக்கள் சயானிலும் தாதரிலும் கிடக்கும்.

வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 1970-களிலும் 80-களிலும் தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்காரர்களை அகற்றியபோது, தண்ணீரும் சாக்கடையும் உள்ள பொது உணவுக்கூடங்கள் கட்டி அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். 2020-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலிலேயே அந்தக் கூடங்களின் பழக்கவழக்கம் இடம்பெற்றது. தாராவியின் வரைபடத்தில் தரைத்தளத்தில் ஒரு பொதுச் சமையற்கூடமும் சைக்கிள் நிறுத்த இடமும் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது ஆகாத காரியம் அல்ல. தமிழ்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு மனுக் கொடுக்கலாம். ஆனால் அங்கே ஒருநாளும் போய் உட்கார்ந்து சாப்பிடாதவன் கொடுக்கும் மனுவுக்கு என்ன மதிப்பு?

ஆகவே முதலில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நம் பொங்கல் விழாவின் காலைச் சிற்றுண்டியைத் தாராவிப் பெண்களிடம் கொடுங்கள். இதை ஒரு கூட்டத்தில் நான் சொன்னதும் எழுந்த முதல் கேள்வி, "சுத்தமா இருக்குமா?" நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் அதைக் கேட்டவர்கள் முதல் நாள் மாலை தலாவ்பாளி ஏரிக்கரையில் நின்று பானிபூரி சாப்பிட்டவர்கள்! பூரிக்காரன் கை கழுவினானா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தாராவி என்றதும் மட்டும் சுத்தம் ஞாபகம் வருகிறது என்றால், அது சோப்பு சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல. ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் குடிக்கலாம், எந்தத் தெருவில் கூடாது என்று பார்த்த அதே கண்ணை இரண்டாயிரம் கிலோமீட்டர் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கண் இல்லை. என் மகள் கல்லூரித் தோழிகளோடு 90 அடி சாலையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து, "அப்பா, அங்க எல்லாரும் தமிழ்லதான் பேசறாங்க!" என்றாள், ஏதோ கண்டுபிடித்துவிட்டவள் போல. மாட்டுங்காவில் அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

செயற்குழுவினர் கவனத்துக்குச் சில விவரங்கள். ஐந்நூறு இட்லி என்றால் குறைந்தது இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஜனவரியில் மாவு புளிக்கத் தாமதமாகும்; அதற்கும் அவகாசம் விடுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள்; அரிசியும் உளுந்தும் வாங்க அவர்கள் வட்டிக்குப் போகக் கூடாது. தாராவியிலிருந்து விடியற்காலையில் தாணேக்கு வர டெம்போ வாடகை சங்கத்துடையது. தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கு மேல் தாங்காது. எனவே விழாவை, அழைப்பிதழில் போடுகிறபடியே, எட்டரைக்குத் தொடங்கிவிட வேண்டும்.