இரக்கம் மட்டும் போதுமா?

கொரோனா உலகை உலுக்கிய 2020-ஆம் ஆண்டில், 'இதோ மருந்து!' என்னும் குரல்கள் எத்திசையிலும் எழுந்தன. மலேரியாவுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பலர் அமுதமென்றே நம்பினர். நம்பிக்கை மட்டும் நோயைத் தீர்க்குமா?

பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் அவ்வாண்டு மார்ச்சில் 'ரிகவரி' என்னும் ஆய்வைத் தொடங்கினர். மருத்துவமனைகளில் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தனர். சிலருக்கு வழக்கமான சிகிச்சையுடன் பழைய மருந்தொன்றும், மற்றவர்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டன. ஜூன் மாதமே விடை கிடைத்தது. பலர் போற்றிய மலேரியா மருந்து மரணத்தைக் குறைக்கவில்லை. மூட்டுவாதத்துக்கும் ஒவ்வாமைக்கும் பல்லாண்டுகளாக வழங்கிவந்த, விலை மலிவான டெக்சாமெத்தசோனோ, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடையே மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதுவும் பயன் தரவில்லை.

'உயிருக்குப் போராடுவோரிடமா குலுக்கல்?' என்று சிலர் கேட்கலாம். நாங்களும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால், எது காக்கும் என்று எவருக்குமே தெரியாதபோது, ஊகத்தில் மருந்து கொடுப்பதன்றோ கொடுமை? ஆய்வுக்குச் சம்மதித்த நோயாளிகள், தாம் என்றுமே காணாத மனிதர்க்கும் உயிர்ப்பிச்சை அளித்தனர்.

ஆகவே தோழியரே, இரக்கத்தோடு உண்மையைத் தேடும் பொறுமையையும் வளர்த்துக்கொள்வோம். அதுவே நோயுற்றோர்க்கு நாம் காட்டும் மெய்யன்பு.