மணிமேகலை எங்கே?

எட்டயபுரத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 80-ஐ நெருங்குகிறது. அவர் வீட்டு அலமாரியில் ஐந்து கனமான பைண்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தாள் பழுப்பேறிவிட்டது, ஓரங்கள் உதிர்கின்றன. ஆனால் அவருக்கு அவைதான் பொக்கிஷம்!

அவை 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையின் பக்கங்கள். 1950 அக்டோபரில் 'கல்கி' வாரப் பத்திரிகையில் தொடங்கி, 1954-ல் முடிந்த கதை. வீட்டில் எல்லாரும் படித்து முடித்த பிறகு, அவருடைய தாயார் வாராவாரம் கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்தார். மணியம் வரைந்த சித்திரங்களோடு பைண்டு செய்தார்.

2022 செப்டம்பர் 30-ல் 'பொன்னியின் செல்வன்' படம் வெளிவந்தது. பேத்தியை அழைத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்ப் பார்த்தார். குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் பிரமாதம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். 2023 ஏப்ரல் 28-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதையும் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் வாய் திறக்கவில்லை.

"என்ன தாத்தா, படம் பிடிக்கலையா?" என்றாள் பேத்தி.

"மணிமேகலையைக் காணோமே, அம்மா!"

"மணிமேகலையா? அது யார் தாத்தா?"

படத்தைவிட இந்தக் கேள்விதான் அவரை உலுக்கிவிட்டது.

யாருடைய கதை?

'ஒரு கதைக்காக இவ்வளவு வருத்தமா?' என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தக் கதையை ஜனங்கள் ஒரே மூச்சில் படிக்கவில்லை. மூன்றரை ஆண்டுக் காலம், வாரம் ஒரு முறை காத்திருந்து படித்தார்கள். வந்தியத்தேவன் தப்பிப்பானா, நந்தினி யார் மகள் என்று திண்ணையில் உட்கார்ந்து தர்க்கம் செய்தார்கள். ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு படம் ஓடியது. அதற்கு டைரக்டர் அவரவரே!

கல்கியின் வாசகர்களுக்கும் எட்டயபுரத்துக்கும் இன்னொரு பந்தம் உண்டு. பாரதி பிறந்த ஊரில் அவருக்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டும் என்று கல்கி தம் பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1945-ல் அஸ்திவாரம் போட்டு, 1947-ல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபம் இன்றும் ஊரில் நிற்கிறது. எழுத்தாளர் சொன்ன சொல்லுக்கு மண்டபம் எழுப்பிய வாசகர்கள் அவர்கள். அவருடைய கதையைத் தங்கள் சொத்தாக நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

டைரக்டரின் கஷ்டம்

டைரக்டர் மணிரத்னத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்தக் கதையைப் படமாக்க 1958-லேயே எம்.ஜி.ஆர். ஆசைப்பட்டார், நிறைவேறவில்லை. ஐந்து பாகங்கள் கொண்ட நாவல். படத்தின் இரண்டு பாகங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம்தான். கத்தரிக்காமல் எப்படி எடுப்பது?

சினிமாவுக்கு மாறினாலே கதை கெட்டுவிடும் என்பதும் சரியல்ல. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதையாக வந்தபோது, மோகனாவுக்கு முகம் கொடுத்தவர் ஓவியர் கோபுலு. 1968-ல் படம் வந்த பிறகு, மோகனா என்றதும் பத்மினியின் முகமே நினைவுக்கு வருகிறது. வாசகர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே, கத்தரித்தது குற்றமல்ல. எதைக் கத்தரித்தார்கள் என்பதுதான் கேள்வி.

வெட்டுப்பட்டவர்கள்

மணிமேகலை கடம்பூர் சம்புவரையரின் மகள். வந்தியத்தேவனை நேசித்தவள். அவன் மீது கொலைப் பழி விழுந்தபோது, அவனைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவள். ராஜ்ய விவகாரத்தில் அவளுக்கு எந்த லாபமும் இல்லை. ஆனால் கல்கி தம் பெருங்கதையை முடித்தது பட்டாபிஷேகத்தோடு அல்ல. அந்தப் பெண்ணின் மரணத்தோடு! படத்தில் அவள் அடியோடு இல்லை.

சேந்தன் அமுதனின் கதி இன்னும் மோசம். தஞ்சையில் பூந்தோட்டம் வைத்து, கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் பிள்ளை. அவன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்பது நாவலின் கடைசியில் தெரிகிறது. அருள்மொழிவர்மர் தமக்கு வந்த கிரீடத்தை அவன் தலையில் வைக்கிறார். அந்தப் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'தியாகச் சிகரம்'. படத்தில் சேந்தன் அமுதன் இருக்கிறான். ஆனால் கிரீடம் அவனுக்கு இல்லை. அது மதுராந்தகனுக்குப் போகிறது. அருள்மொழியின் தியாகம் மிஞ்சியது. மாலை கட்டிய கைக்கு மகுடம் வந்த அதிசயம் போய்விட்டது.

வாளும் குதிரையும் கப்பலும் படத்தில் குறைவில்லாமல் இருக்கின்றன. எளிய ஜீவன்களுக்குத்தான் இடம் போதவில்லை. பெரியவரின் ஏமாற்றம் இதுதான். அது நியாயமானதுதான்.

எட்டயபுரத்துக்காரருக்கு இது உறைப்பதில் வியப்பில்லை. அங்கே அரண்மனை இருக்கிறது. ஆனால் வெளியூரார் தேடி வருவது அதற்காக அல்ல. பாரதி பிறந்த வீட்டையும், முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியையும், உமறுப் புலவரின் அடக்கத் தலத்தையும் பார்க்க வருகிறார்கள். கிரீடம் வைத்தவர்களைவிடப் பாட்டுக் கட்டியவர்களே நிலைத்து நின்ற ஊர் அது.

பரிகாரம் என்ன?

படத்தைத் திட்டிப் பயனில்லை. அந்தப் படத்தின் புண்ணியத்தால் புத்தகக் கடைகளில் நாவல் மும்முரமாக விற்றதையும் மறக்கக் கூடாது. கல்கியின் எழுத்துக்கள் 1999-ல் நாட்டுடைமை ஆயின. பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டிருக்கின்றன. படம் பார்த்த பிள்ளையின் கையில் புத்தகத்தையும் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு. கொடுக்காமல் இருந்துவிட்டு, 'மணிமேகலை யார்?' என்று பிள்ளை கேட்டால், குற்றம் சினிமாவினுடையது மட்டுமல்ல.

எட்டயபுரத்துப் பெரியவர் அதைத்தான் செய்தார். அலமாரியைத் திறந்து முதல் பைண்டைப் பேத்தியிடம் கொடுத்தார்.

"முடிவுதான் எனக்குத் தெரியுமே, தாத்தா!" என்றாள் அவள்.

"படத்தின் முடிவு தெரியும், அம்மா. கதையின் முடிவு உனக்கு இன்னும் தெரியாது" என்றார் பெரியவர்.