நம் பதாகையை நாமே எழுதுவோம்



2007 நவம்பர் 25 நினைவிருக்கிறதா? கோலாலம்பூரில் காந்தியடிகள் படத்தை ஏந்தி ஆயிரக்கணக்கில் திரண்டோம். கண்ணீர்ப்புகை வீசினார்கள். இரசாயனம் கலந்த தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆனாலும் நம் குரல் உலகத்துக்குக் கேட்டது.

அடுத்த பேரணிக்குப் போகும்போது உங்கள் பதாகையை நீங்களே எழுதுங்கள். ஆயிரம் கைகளில் அச்சடித்த ஒரே வாசகம் இருந்தால், "யாரோ கொடுத்ததைத் தூக்கி வந்தார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் கையெழுத்தை அப்படித் தள்ள முடியாது.

இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையா? தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களா? கோயிலை இடித்தார்களா? உங்கள் குறையை ஐந்தாறு சொற்களில் எழுதுங்கள். எழுத்து இரண்டு விரல் தடிமன் இருக்கட்டும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய். சாலையோரம் நிற்கும் மலாய், சீன நண்பர்களும் படிக்கட்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மலாயில் பிழையின்றி எழுதித் தருவார்கள்.

போஸ்டர் கலர் மழையில் கரைந்துவிடும். வீட்டில் மிஞ்சிய எண்ணெய்ச் சாயம் போதும். முதல் நாளே எழுதிக் காய வையுங்கள். கட்டை, இரும்புக் குழாய் வேண்டாம். ஆயுதம் என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள். அட்டையைச் சுருட்டிக் கைப்பிடி செய்யலாம். எந்த இனத்தையும் மதத்தையும் இழிவாக எழுதாதீர்கள்.

பேரணி முடிந்ததும் குப்பையில் போடாதீர்கள். பின்னால் தேதி எழுதி வையுங்கள். "அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று பேரப்பிள்ளை கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்!