உருட்டாலைப் பதிவுகள் ஆய்வகத்துக்கு வரட்டும்

சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் உலையை விட்டு வெளிவரும் எஃகுப் பாளம் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். சில நிமிடங்களில் அது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தகடாகிச் சுருளாகச் சுற்றப்பட்டுவிடும். மெலிவது கண்ணுக்குத் தெரிகிறது. எஃகுக்குள் நடப்பது தெரிவதில்லை. உருளைகளின் பிடியில், எஃகை ஆக்கியிருக்கும் நுண்ணிய படிக மணிகள் நசுங்குகின்றன. அந்த அனலில் அவற்றின் ஓரங்களில் புது மணிகள் முளைத்துப் பழையவற்றை விழுங்குகின்றன. அடுத்த ஜோடி உருளைகள் அவற்றையும் நசுக்குகின்றன. அந்தத் தகடு எவ்வளவு பாரம் தாங்கும், கடுங்குளிரில் விரிசல் விடுமா என்பதில் பெரும்பங்கு இங்கேயே முடிவாகிவிடுகிறது.

மணி சிறுத்தால் எஃகு வலுக்கும். 1950-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஹால், பெட்ச் இருவரும் தனித்தனியே இதை நிறுவினார்கள். வலுவைக் கூட்டும் மற்ற வழிகள் பெரும்பாலும் எஃகை எளிதில் முறியச் செய்யும். மணியைச் சிறிதாக்கினால் மட்டும் வலுவும் கூடும், முறியாத தன்மையும் கூடும்.

ஆனால், நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் செந்தணலாக ஓடும் தகட்டுக்குள் மணியை எப்படி அளப்பது? கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். இந்தக் கணக்குக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. எம். செல்லர்ஸ். வைட்மேனுடன் சேர்ந்து அவர் 1979-ல் வெளியிட்ட கட்டுரையை இன்றும் இத்துறையினர் எடுத்தாள்கிறார்கள்.

அவருடைய சமன்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். சாதாரண கார்பன்–மாங்கனீஸ் எஃகு. மணியின் அளவு 100 மைக்ரான். 1,000 டிகிரியில் ஒரே நசுக்கலில் தடிமனில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான அளவைக் குறைக்கிறோம். ஏறத்தாழ 0.6 நொடியில் எஃகின் பாதி புது மணிகளாக மாறிவிடும். மாற்றம் முடியும்போது மணியின் அளவு 36 மைக்ரான். இதையே 900 டிகிரியில் செய்தால் பாதி மாறுவதற்கே சுமார் 7 நொடி பிடிக்கும். கடைசி உருளைகளுக்கு இடையே தகட்டுக்குக் கிடைப்பதோ ஒரு நொடிக்கும் குறைவு. புது மணி பிறக்க நேரமில்லாமல், நசுங்கிய மணிகள் நசுங்கியபடியே அடுத்த உருளைக்குள் நுழைகின்றன. நூறு டிகிரி வித்தியாசம் இவ்வளவு செய்கிறது. குழாய்த் தகடுகளுக்கான எஃகில் சிட்டிகை அளவு நியோபியம் சேர்ப்பதும் மணிகளை இப்படி நசுங்கியபடியே வைத்திருப்பதற்காகவே. புது மணிகள் பிறப்பதை அது தடுத்து வைக்கும். தட்டையாக நசுங்கிய அந்த மணிகளிலிருந்து, குளிரும்போது மிக நுண்ணிய மணிகள் உருவாகும்.

இந்தக் கணக்கு சரிதானா என்று சொல்லும் சாட்சி ஆலைக்குள்ளேயே இருக்கிறது. உருளைகள் எத்தனை டன் விசையோடு தகட்டை அழுத்துகின்றன என்பதை ஒவ்வொரு ஜோடி உருளையிலும் உள்ள கருவி பதிவு செய்கிறது. புது மணி பிறந்திருந்தால் எஃகு இளகியிருக்கும், விசை குறையும். நசுங்கிய மணிகளே மிஞ்சியிருந்தால் விசை ஏறும். விசை, வெப்பநிலை, வேகம் மூன்றையும் சேர்த்துப் படித்தால் கண்ணால் காண முடியாத மணியின் நிலை பிடிபடும். ஒவ்வொரு சுருளும் இப்படி ஒரு பரிசோதனைதான். அந்தப் பதிவுகள் ஆலையின் கணினியோடு முடங்கிவிடுவது பெரிய இழப்பு.

2018 முதல் உலகில் அதிக எஃகு வடிக்கும் நாடுகளில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். நம்மிடம் அறிவுக்கும் பஞ்சமில்லை. சூடான உலோகம் எந்த வெப்பத்தில், எந்த வேகத்தில் பழுதின்றி உருமாறும் என்று காட்டும் வரைபட முறையை ஒய். வி. ஆர். கே. பிரசாத் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் வளர்த்தெடுத்தார். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் துருப்பிடிக்கா எஃகுகளுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். அதே துருப்பிடிக்கா எஃகைத்தான் சேலம் உருக்காலையில் சூட்டில் உருட்டுகிறார்கள். அதில் 304 போன்ற வகைகள் குளிரும்போது சாதாரண எஃகைப் போல உள்ளமைப்பை மாற்றிக்கொள்வதில்லை. எனவே, உருளைக்கடியில் மணியின் அளவு பிசகிவிட்டால் குளிர்விக்கும்போது திருத்த வழியில்லை. நம் அடுக்களைப் பாத்திரங்களில் பரவலாக உள்ள, நிக்கல் குறைந்த 200 வரிசைக்கு 304-க்கான சமன்பாட்டு மாறிலிகள் அப்படியே பொருந்தவும் செய்யாது. ஒவ்வொரு வகைக்கும் தனியாக அளக்க வேண்டும்.

ஆய்வகத்தில் அளப்பது விரல் பருமன் மாதிரியில். ஆலையில் ஓடுவதோ டன் கணக்கில். இரண்டையும் பொருத்திப் பார்க்க ஆலையின் எண்கள் தேவை. வாடிக்கையாளர் பெயர், விலை போன்ற வணிக ரகசியங்களை நீக்கிவிட்டு, பழைய விசை, வெப்பநிலைப் பதிவுகளைப் பொறியியல் கல்லூரிகளுக்கும் ஆய்வு மையங்களுக்கும் கொடுப்பதில் ஆலைகளுக்கு நட்டமில்லை. மக்கள் பணத்தில் எழுந்த பொதுத்துறை ஆலைகள் இதைத் தொடங்கிவைக்க வேண்டும். மத்திய எஃகு அமைச்சகம் அதற்கான உத்தரவைத் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.