நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

குறுவை என்றதும் டெல்டாவில் எல்லோரும் எண்ணத் தொடங்குவது ஜூன் 12-ல் இருந்துதான். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் அது. ஆனால், இயந்திர நடவு செய்வோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது நடவு நாளை. மற்ற வேலைகளை அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

காரணம், பாய் நாற்று. கை நடவில் நாற்றின் வயது நாலு நாள் கூடினாலும் சமாளிக்கலாம். பாய் நாற்றை 14 முதல் 18 நாளுக்குள் நட்டாக வேண்டும். வயது கூடினால் வேர்கள் பின்னிக்கொள்ளும், இயந்திரம் நாற்றைப் பிய்த்துவிடும், தூர் குறையும். விட்டுப்போன இடங்களில் ஆள் வைத்து நட்டால், இயந்திரத்தால் மிச்சமான கூலி அதிலேயே போய்விடும்.

பம்புசெட் உள்ள வயலில் ஜூன் 25 நடவு என்று வைத்துக்கொள்வோம். நாற்றங்கால் விதைப்பு ஜூன் 10. ஊறவைத்து முளைகட்ட 2 நாள் என்பதால் விதை ஜூன் 8-ல் தண்ணீரில் இருக்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். சேற்றுழவு ஜூன் 23-க்குள் முடிய வேண்டும். சேறு படியாத வயலில் நாற்று புதைந்துபோகும். தக்கைப்பூண்டை மடக்கி உழுவது ஜூன் 15 வாக்கில். அதற்கு 45 நாள் முன், மே 1-லேயே அதை விதைத்திருக்க வேண்டும். ஆக, ஜூன் நடவுக்கான முதல் வேலை சித்திரையில்! இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பதும் அப்போதுதான்.

ஜூன் 10-ல் விதைத்த 110 நாள் ரகம் செப்டம்பர் 28 வாக்கில் அறுவடைக்கு வரும். இரண்டு வாரம் தள்ளிப்போனால் அக்டோபர் மழையில் நெல்லைக் காயவைக்க இடம் தேட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் என்ன பாடு என்பது விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் தனி விவசாயியின் கையில் இல்லாத ஒன்று உண்டு. ஊரில் பத்துப் பேர் ஒரே நாளில் நாற்றங்கால் விட்டால், பத்துப் பேருக்கும் ஒரே வாரத்தில் இயந்திரம் வேண்டும். இருப்பதோ ஒன்று. கடைசி ஆளின் நாற்று முற்றிப்போவது அவர் குற்றமா? வேளாண் உதவி அலுவலர்கள் மே மாதமே ஊர்க்கூட்டம் போட்டு, தண்ணீர் பாயும் வரிசைப்படி நடவு நாளைப் பிரித்து, அதற்கேற்ப விதைப்பு நாளை எழுதித் தர வேண்டும். ஒரு தாள் போதும். இயந்திரம் பழுதாகி வரிசை தள்ளிப்போனால், இன்னும் விதைக்காதவர்களுக்கு உடனே போன் செய்து விதைப்பை ஒத்திவைக்கச் சொல்லுங்கள். நாற்று தயாராக இருப்பவரின் வயலுக்குத்தான் இயந்திரம் முதலில் போக வேண்டும்.