அப்கிரேட் என்று பெயர் வைத்தால் போதுமா?

'அப்கிரேட்' என்ற சொல்லுக்குக் கம்ப்யூட்டர் உலகில் ஏகப்பட்ட மரியாதை. யார் சொன்னாலும் தலையாட்டி விடுகிறோம். பழையது போய்ப் புதியது வருகிறது, நல்லதுதானே என்று நினைப்பு. எனக்கு இதில் கடுமையான ஆட்சேபம் உண்டு. வீட்டை இடித்துவிட்டு வேறொன்றைக் கட்டி, அதே கதவு எண்ணை எழுதி வைத்தால் அதற்குப் பெயர் அப்கிரேடா?

முதலில் 'ஃபிரேம்வொர்க்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பேரன் பேத்திகள் போனில் பேசும்போது காதில் விழுந்திருக்கும். கட்டணம் கட்டும் தளத்தையோ டிக்கெட் போடும் தளத்தையோ யாரும் முதல் வரியிலிருந்து எழுதுவதில்லை. கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிறோமே, அதுபோல. மேடை, சமையற்கட்டு, பந்தி, பாத்திரம், கரண்ட் எல்லாம் அங்கேயே இருக்கும். நாம் ஆட்களோடு போய்ச் சடங்கை நடத்தினால் போதும். ஃபிரேம்வொர்க் அந்த மண்டபம். ஆனால் மண்டபத்தின் அமைப்புக்குத் தக்கபடிதான் நம் ஏற்பாடெல்லாம் இருந்தாக வேண்டும்.

கூகுள் 2010-இல் 'ஆங்குலர் ஜேஎஸ்' என்ற ஃபிரேம்வொர்க்கை இலவசமாக வெளியிட்டது. நல்ல சரக்கு, அதை மறுக்க மாட்டேன். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கீழே கூட்டுத்தொகை தானே மாறும். முன்பெல்லாம் அதற்குத் தனியாக வரி வரியாக எழுத வேண்டும். உலகம் முழுக்க ஆபீஸ்களில் இதை வைத்துக் கட்டினார்கள். 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த மாநாட்டில் அடுத்த பதிப்பைப் பற்றிச் சொன்னார்கள். 'கன்ட்ரோலர்', 'ஸ்கோப்' என்று அதுவரை எல்லோரும் எழுதிப் பழகிய உறுப்புகளின் பெயர்களைக் கல்லறைக் கல் படத்தில் போட்டு, இவையெல்லாம் இனி இல்லை என்று திரையில் காட்டினார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. புதைக்கப்பட்டது ஊரார் உழைப்பு.

2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பழைய வரிகளை அப்படியே தூக்கி அதில் வைத்தால் ஓடாது. எழுதும் முறையே வேறு. அதற்கடுத்து 3 என்று ஒன்று வரவே இல்லை. உள்ளே ஒரு பகுதி ஏற்கெனவே 3-ஆம் எண்ணுக்குப் போய்விட்டதால், 2017 மார்ச்சில் நேராக 4 வந்தது! எண்ணுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். பழைய ஆங்குலர் ஜேஎஸ்ஸுக்கு ஆதரவு 2021 டிசம்பர் 31-உடன் நின்றது. அதன்பின் அதில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தாலும் கூகுள் அடைத்துத் தராது.

மாற்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழையதில் எங்கேயாவது ஒரு சின்ன மாற்றம் நடந்தாலும், திரையில் கண்காணிக்கும் மதிப்புகள் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்க்கும். பெரிய பட்டியல் வந்தால் மூச்சு வாங்கும். ஓசியில் கொடுத்ததைக் குறை சொல்லலாமா என்றும் கேட்பார்கள். கேட்கட்டும். புதிதாகக் கட்டியதில் எனக்குச் சண்டை இல்லை. புதிதாகக் கட்டியதற்குப் பழைய பெயரையும் அடுத்த எண்ணையும் வைத்தார்களே, சண்டை அதோடுதான்.

ஏனென்றால் அந்த எண்ணை வைத்துத்தான் மேலதிகாரி கணக்குப் போடுகிறார். "ஒண்ணுலேர்ந்து ரெண்டுதானேப்பா, ரெண்டு வாரம் போதாதா?" இந்த மாதிரிக் கேள்வி எழுந்த கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து நின்று விளக்கும் பையன் சோம்பேறியாகத் தெரிவான். வேறு பெயர் வைத்திருந்தால், இது முழுக்கத் திரும்ப எழுதும் வேலை, ஆளும் பணமும் வேண்டும் என்று அந்த மேலதிகாரிக்கே புரிந்திருக்கும். பெயர் செய்த காரியத்தால் பையன் ராத்திரி கண் விழிக்கிறான். இல்லையென்றால் வேலை தள்ளிப்போய், ஆதரவு நின்ற சரக்கிலேயே நம் பணமும் விவரங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-ல் எத்தனை பில்லிங், எத்தனை ஸ்டாக் புரோகிராம்! 2002-இல் மைக்ரோசாஃப்ட் விபி டாட் நெட் கொண்டுவந்தது. பெயரில் 'விபி' இருந்தது, உள்ளே வேறு பிராணி.

உண்மையான அப்கிரேட் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கிட்ஹப் நிறுவனம் தன் தளத்தை 'ரெயில்ஸ்' ஃபிரேம்வொர்க்கின் 3.2 பதிப்பிலிருந்து 5.2-க்கு 2018-இல் கொண்டுவந்து முடித்தது. படிப்படியாக ஏறினார்கள், பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே கோடை ஓட்டிச் சோதித்தார்கள். அதற்கே ஒன்றரை வருஷம். அவ்வளவு திறமைசாலிகள் இருக்கும் இடத்திலேயே இதுதான் கதி. ஆங்குலர்காரர்களும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட ஒரு வழி செய்து கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஆனால் அப்படி ஓட்டினாலும் ஒவ்வொரு திரையையும் யாராவது உட்கார்ந்து திரும்ப எழுதித்தான் ஆக வேண்டும்.

நம்மில் பலர் அபார்ட்மென்ட் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ பொறுப்பில் இருக்கிறோம். 'சாஃப்ட்வேர் அப்கிரேட்' என்று கொட்டேஷன் வந்தால், பழைய கோடில் எவ்வளவு அப்படியே மிஞ்சும் என்று கேளுங்கள். புதியது பழகும்வரை பழையதும் கூட ஓடுமா, இதற்கு அடுத்த பதிப்பு வந்தால் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாதிக்கு மேல் புதிதாக எழுத வேண்டும் என்று பதில் வந்தால், கொட்டேஷனில் இருக்கும் 'அப்கிரேட்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, 'புதிதாக எழுதுதல்' என்று போட்டு, அதற்குத் தக்க அவகாசத்தையும் பணத்தையும் பொதுக்குழுவில் கேளுங்கள்.