உங்கள் வீட்டுக்கு ஏற்ற தக்காளி எது?

காய்கறிக் கடையில் இரண்டு கூடைகள் இருக்கின்றன. ஒன்றில் நாட்டுத் தக்காளி. மற்றொன்றில் பெங்களூர் தக்காளி. நீங்கள் எதை எடுப்பீர்கள்?

பெங்களூர் தக்காளி பார்க்க அழகாக இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு. ஒரே சிவப்பு. அழுத்தினால் கல் போல இருக்கும். நாலைந்து நாள் வெளியில் கிடந்தாலும் கெடாது. நாட்டுத் தக்காளி அப்படி அல்ல. தட்டையாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். பையின் அடியில் போட்டால், வீடு வந்து சேருவதற்குள் இரண்டு நசுங்கிவிடும். ஆகவே, காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கெட்டிப் பழத்தை எடுத்தால், அவர்களைக் குறை கூற முடியாது.

ஆனால், வீட்டில் செடி வைக்கிறவர்களும் அதே கெட்டிப் பழத்தைத் தேடி அலைகிறார்களே! அதுதான் எனக்குப் புரியவில்லை.

லாரி ஏறும் பழம்

சென்னைக்கு வரும் தக்காளியில் பெரும் பகுதி ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. மதனப்பள்ளியிலும் கோலாரிலும் பறித்த பழம் லாரியில் ஏறி, கோயம்பேட்டில் இறங்கி, சில்லறைக் கடைக்குப் போய், பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. நன்றாகப் பழுத்த பிறகு பறித்தால் வழியிலேயே கூழாகிவிடும். எனவே, லேசாக நிறம் மாறும்போதே பறித்துவிடுகிறார்கள். இந்தப் பயணத்துக்குத் தடித்த தோல் வேண்டும். கெட்டியான சதை வேண்டும். விவசாயிக்கும் வியாபாரிக்கும் அது அவசியம். அவர்கள் மீது தப்பு இல்லை.

உங்கள் வீட்டுச் செடிக்கும் சமையல் அறைக்கும் எவ்வளவு தூரம்? மாடியாக இருந்தால் இருபது படி. அதற்கு எதற்குத் தடித்த தோல்?

பச்சைத் தோள்

சில தக்காளிக் காய்களைக் கவனித்திருக்கிறீர்களா? காம்பைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாக இருக்கும். கீழே வெளிர்ப் பச்சை. இதைப் "பச்சைத் தோள்" என்கிறார்கள். பழுத்த பிறகும் சில பழங்களில் அந்தப் பச்சை கொஞ்சம் மிஞ்சி நிற்கும். "சரியாகப் பழுக்கவில்லை" என்று சொல்லி, கடையில் அதை ஒதுக்கிவிடுகிறோம்.

பழம் முழுவதும் ஒரே நிறமாக இருந்தால்தான் விற்கும் என்பதற்காக, மேல்நாடுகளில் சுமார் 70 ஆண்டுகளாகவே பச்சைத் தோள் இல்லாத ரகங்களைத் தேடித் தேடி வளர்த்தார்கள். 2012-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளும் வேறு சிலரும் சேர்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பச்சைத் தோளைத் தரும் மரபணுதான் காயில் பச்சையத்தைக் கூட்டுகிறது. பச்சையம் கூடினால் பழத்தில் சர்க்கரையும் கூடுகிறது. ஒரே நிறம் வேண்டும் என்று அந்த மரபணு வேலை செய்யாத செடிகளைத் தேர்ந்தெடுத்தபோது, ருசியில் ஒரு பங்கும் போய்விட்டது!

நம் ஊரில் அந்தத் தோள் இன்னும் இருக்கிறது. பெரியகுளத்தில் உள்ள அரசாங்கத் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள், "அன்னஞ்சி" என்ற உள்ளூர் ரகத்திலிருந்து "பி.கே.எம். 1" என்ற தக்காளியை உண்டாக்கினார்கள். அதன் காயில் பச்சைத் தோள் நன்றாகத் தெரியும்.

ரசத்தில் சோதனை

சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று ரகங்களை வைத்துப் பார்த்தேன். நாட்டு ரகம், பெரியகுளம் ரகம், ஒரு வீரிய ஒட்டு ரகம். ஒரே மண். ஒரே எரு. ஒரே வெயில்.

எடையில் ஒட்டு ரகம்தான் முதல். அதில் சந்தேகமே இல்லை. குண்டு குண்டாகக் காய்த்தது. துண்டு போட்டு வெங்காயத்துடன் கலந்து சாப்பிடவும், தொக்கு கிண்டவும் அது நல்லது. ஆனால், ரசத்தில் போட்டபோது தோல் தனியாக மிதந்தது. புளியையும் வழக்கம்போலவே கரைத்து ஊற்ற வேண்டியிருந்தது.

நாட்டுத் தக்காளி அப்படியே கரைந்துவிட்டது. "இன்றைக்குப் பாதிப் புளி போதும்" என்று அம்மா சொன்னார்கள். எங்கள் வீட்டில் இதுதான் முதல் பரிசு! ஒரு மழை பெய்ததும் பழங்கள் வெடித்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் சேர்ந்தால் தோல் பிளந்துவிடும். மெல்லிய தோலுக்கு அது எளிது. தினமும் அளவாகத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பெரியகுளம் ரகம் இரண்டுக்கும் நடுவில். செடி குட்டையாக நின்றுவிடுகிறது. பெரிய கொம்பு நட வேண்டியது இல்லை. தொட்டியில் வைக்கிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம்.

விலைக்குப் பயந்தா?

2023 ஜூலையில் தக்காளி விலை சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் அரசாங்கம் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது பலர் தொட்டி வாங்கினார்கள். வீட்டில் செடி இருந்தால் விலை ஏற்றத்திலிருந்து தப்பலாம் என்பது அவர்கள் எண்ணம். அது பாதிதான் உண்மை. கடும் கோடையில் இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். வயலில் கொட்டும்போது மாடியில் மட்டும் நிற்குமா?

வீட்டுச் செடியின் உண்மையான லாபம் வேறு. ஒன்று ருசி. மற்றொன்று விதை. ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால், தாயைப் போலப் பிள்ளை வராது. ஒரு செடி ஒரு மாதிரி, மற்றொரு செடி வேறு மாதிரி காய்க்கும். அதே பழம் வேண்டுமென்றால் வருஷா வருஷம் விதைப் பாக்கெட் வாங்க வேண்டும். நாட்டு ரகத்துக்கும் பெரியகுளம் ரகத்துக்கும் அந்தத் தொல்லை கிடையாது. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறது. ஆகவே, விதையும் ஜாதி மாறாமல் வரும். ஒரு பழத்திலிருந்து தெரு முழுவதற்கும் நாற்றுக் கொடுக்கலாம்!

ஒட்டு ரகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலைச்சுருட்டை நோய் பொல்லாதது. வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. என் நாட்டுச் செடிகளில் இரண்டு அதனால்தான் போயின. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் "அர்கா ரக்ஷக்" என்ற ஒட்டு ரகம், இலைச்சுருட்டை, வாடல் நோய், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கக் கூடியது. பக்கத்தில் வெள்ளை ஈ தொல்லை அதிகமாக இருந்தால், அதில் ஒன்றிரண்டு செடி வைப்பது புத்திசாலித்தனம். ஆறு தொட்டி இருந்தால் மூன்றில் நாட்டு ரகம், இரண்டில் பெரியகுளம் ரகம், ஒன்றில் ஒட்டு. இது என் கணக்கு.

நாட்டு விதைக்கு எங்கும் போக வேண்டாம். கடையில் நன்றாகக் கனிந்த நாட்டுத் தக்காளி ஒன்றைப் பொறுக்கி எடுங்கள். விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் பிழிந்து இரண்டு நாள் வையுங்கள். லேசாகப் புளித்து வாடை வரும். பயப்பட வேண்டாம். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு அப்போதுதான் கழன்று போகும். நல்ல தண்ணீரில் அலசி, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். தாளில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும், தட்டில் பரப்புங்கள். காய்ந்ததும் மடித்து, ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்தால், ஆடியில் நாற்று விடலாம்.